துன்ப வருஷத்து ஷார்டொனேயைச் சுவைத்தறியும் முறை பற்றிய ஆராய்ச்சி

பொருளின் உண்மையை நிச்சயிக்கக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை வகுத்தருளிய நம் தர்க்க நூலார், பிரெஞ்சு தேசத்தில் பர்கண்டியின் வடகோடியிலுள்ள ஷாப்ளியில் 2021-ஆம் ஆண்டு ஒரே தோட்டத்துப் பழத்திலிருந்து இறக்கிய ஷார்டொனே மதுவை உதாரணமாகக் கொள்ளும் பாக்கியம் பெற்றிலர். அக்குறையை நிவர்த்திப்பதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

அவ்வருஷத்தின் சரித்திரம் சோகமானது. மார்ச் மாதக் கடைசியின் வெயிலை நம்பிக் கொடிகள் முளைவிட்டிருக்க, ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கிற்று. குடியானவர்களில் சிலர் மெழுகு நிரப்பிய தகரக் கலங்களை வரிசைதோறும் கொளுத்தி இராமுழுதும் விழித்திருந்தனர். சிலர் கொடிகளின்மேல் ஓயாது நீரைத் தூவினர். நீர் உறையுங்கால் வெளிப்படும் உஷ்ணம் தளிரைக் காக்கும் ஆதலின், பனிக்கட்டியைக் கொண்டே பனியை வெல்லும் இவ்வுபாயம், முள்ளை முள்ளால் எடுப்பதற்குப் பௌதிக சாஸ்திரம் எழுதிய வியாக்கியானமாகும். பிறகு மழையும் பூஞ்சண நோயும் வந்தன. விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. எஞ்சிய பழமும் சர்க்கரை சுருங்கிப் புளிப்பு ஓங்கியே கூடைக்கு வந்தது.

தோட்டம் லே க்ளோ எனக் கொள்வோம். ஷாப்ளியின் முதற்பெருந்தரத் தோட்டங்கள் ஏழினுள் பெரியதாகிய அது, ஸெரன் நதிக்கு மேலே தென்மேற்கு நோக்கிச் சரிந்து கிடப்பது. அதன் சுண்ணாம்புக் களிமண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்திய சிறு சிப்பிகள் புதையுண்டிருக்கின்றன. கோப்பையில் சிப்பி மணக்கிறது என்று ரசிகர் கூறுவது இதனாலேயே. கல் வேர்வழியே ஏறி நாவில் கல்லாகவே சுவைக்கும் என்பதை நிலவியலார் ஏற்பதில்லை. எனவே சிப்பி கருதலளவையைச் சார்ந்தது. வெண்ணெய் மணமோ அத்தகையதன்று: மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் நுண்ணுயிர்கள் டைஅசிட்டைல் என்னும் பொருளையும் உண்டாக்குதலின், அது காண்டலுக்கு உரியதே.

ஆயினும் உரையளவையின் ஆதிக்கமே பெரிது. போர்தோ நகரில் மதுவியல் பயின்ற 54 மாணாக்கர்க்கு வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தனர் என்பது 2001-இல் வெளிவந்த ஆராய்ச்சி. சாயமே இவ்வளவு பேசுமாயின், ‘பனி தின்றதுபோக மிஞ்சியது’ என்னும் கர்ணபரம்பரை எவ்வளவு பேசாது! இதிலிருந்து நாம் ஸ்தாபிக்கும் சித்தாந்தமாவது: விளைச்சல் குறுகக் குறுக வர்ணனை நீளும். மலிந்த வருஷத்துக்கு ‘நன்று’ என்பதே போதும். மெலிந்த வருஷத்துக்கோ எஃகின் நிமிர்வும், முனிவரின் வைராக்கியமும், பத்தாண்டுப் பொறுமையும் வேண்டியிருக்கின்றன.

மது உண்மையிலேயே நன்றாயிருந்தால் என் செய்வது என்பது பூர்வபக்ஷம். நியாயமான ஆக்ஷேபமே. வெயில் மிகுந்த 2018 முதலிய வருஷங்களின் பருத்த இனிமையைக் காட்டிலும், இவ்வருஷத்தின் ஒடிசலான கூர்மையே பழைய ஷாப்ளிக்கு நெருங்கியது என்று நாமும் கருதுகிறோம். நம் சித்தாந்தத்துக்கு இது சற்றே இடையூறு.

ஆதலின் பரீக்ஷை முறை வருமாறு: மிகுந்த குளிர் மணத்தை அடக்குமாதலால் 10 முதல் 12 பாகை வெப்பத்தில், புட்டியைத் துணியால் மூடி ஊற்றுக. பருகுவோர் வருஷத்தையும் தோட்டத்தையும் அறியலாகாது. விலை கொடுத்தவரின் சாக்ஷியம் எந்நிலையிலும் ஏற்கப்படாது.