நான்காவது முடிச்சு

தாலிக்கு மூன்று முடிச்சு என்றுதான் பாட்டி சொன்னாள். மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள லெம்பா பெர்த்தாமில் நான்காவது ஒன்றும் உண்டு. அதைப் போடுபவர் நாத்தனார் அல்ல, வங்கி அதிகாரி. மஞ்சள் கயிறு வேண்டாம். கறுப்பு மை போதும். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா" என்பார். மற்ற மூன்று முடிச்சும் அவிழ்ந்தாலும் அவிழும், இது அவிழாது.

சட்டத்தைக் கேட்டால் தாராளமாகப் பேசும். 1957ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சட்டப்படி மனைவிக்குத் தனிச் சொத்து உண்டு, தனிக் கடன் உண்டு. புருஷன் திவாலானார் என்ற ஒரே காரணத்துக்காக அவள் தலையில் அவர் கடனைக் கட்ட முடியாது. ஆகா! அதனால்தானே அந்த 'சும்மா' கையெழுத்தை இத்தனை பாசத்தோடு கேட்கிறார்கள்.

கொழுந்து பறித்துப் பிழைக்கும் குடும்பத்துக்குத் திவாலாகும் தகுதிகூடக் கிடையாது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கடன் கொடுத்தவர் ஒருவரைத் திவாலாக்க வேண்டுமென்றால் பாக்கி 100,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். ஒரு பிடி சோறு தின்னாமல் சேர்த்தாலும் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுச் சம்பளம் அது. இந்தப் பெரிய கௌரவத்தை எட்ட ஒரே வழி, தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கிக் காய்கறி லாரி வாங்குவது.

லாரிக்கு வங்கி அடமானம் கேட்கும். காய்கறி நிலத்தைக் காட்டலாமா? அது 'டிஓஎல்', அதாவது தற்காலிக உரிமத்தில் பயிரிடும் அரசு நிலமாக இருந்தால் அவ்வளவுதான். உரிமம் டிசம்பர் 31ஆம் தேதியோடு செத்துப்போகும். அரசு மனம் வைத்தால் ஜனவரியில் மறுபிறவி. யாருக்கும் மாற்றி எழுத முடியாது. உரிமக்காரர் கண்ணை மூடினால் உரிமமும் கூடவே கண்ணை மூடும். கடன் மட்டும் விழித்திருக்கும். ஆகவே வங்கி நிலத்தைவிட நிலையான ஒன்றைத் தேடுகிறது. அதோ, வாசலில் நிற்கிறாள் மனைவி.

2017இல் திவால் சட்டத்தைத் திருத்தினார்கள். 'சமூகப் பிணையாளர்' என்றொரு புண்ணிய ஜீவன் பிறந்தார். படிப்புக் கடனுக்கும், குடியிருக்கும் வீட்டின் கடனுக்கும், சொந்த உபயோக வண்டியின் தவணைக்கும் இலாபம் பாராமல் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. கைதட்டுங்கள். போதும், நிறுத்துங்கள். முட்டைக்கோசு ஏற்றும் லாரிக்குப் பிணை நின்றவள் இந்தச் 'சமூகத்தில்' சேர்த்தி இல்லை. அவளைத் திவாலாக்க வங்கி முதலில் புருஷனைச் சக்கையாகப் பிழிய வேண்டும், பிறகு நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அவளுக்கு மிஞ்சும் பாதுகாப்பு அந்தத் தாமதம்தான். வீட்டுக் கடனிலாவது தப்பினாளா? அங்கே அவளைப் பிணையாளராகவே போடவில்லை. 'கூட்டுக் கடனாளி' என்று போட்டுவிட்டார்கள். பிணையாளருக்குப் பிடித்த குடை கடனாளிக்கு இல்லை. அவள் கையெழுத்து போட்ட கட்டம் எது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

புருஷன் திவாலானால் வீட்டில் அவருடைய பாதி நொடிப்புத்துறைத் தலைமை இயக்குநர் கைக்குப் போகிறது. அதுவரை ஒரு மாமியாரோடு மல்லுக்கட்டியவள், இனி அடுப்பங்கரையில் அரசாங்கத்தோடும் பங்கு போட வேண்டும். கோப்பிக்கடை வக்கீல்கள் உடனே யோசனை சொல்வார்கள்: "சம்சாரம் பேர்ல மாத்திடுப்பா!" திவாலுக்கு முந்திய இரண்டு ஆண்டுக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்து செல்லாது, ஐந்து ஆண்டு வரை கிளறிப் பார்க்கவும் வழி இருக்கிறது. கோப்பிக்கடையில் அதையெல்லாம் யார் படித்தார்கள்?

இழப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. 2013 அக்டோபர் 23 அதிகாலை, சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கில் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. தண்ணீர் யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை. நடுராத்திரியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிற வெள்ளத்துக்கு இருந்த அந்த நேர்மைகூட நம் கடன் படிவங்களுக்கு இல்லை.

2023இல் அரசு 'இரண்டாம் வாய்ப்பு' என்றது. 50,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்காகத் திவாலானவர்களை விடுவிப்போம் என்று அறிவித்தது. நல்ல காரியம்தான். குறித்த தொகையைக் கட்டினால் மூன்று ஆண்டில் தானாக விடுதலை என்று வேறு வழியும் உண்டு. அந்த மூன்று ஆண்டும் உலை கொதிக்க வைத்தவள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? காது தோட்டை விற்றவளுக்கு எந்த அமைச்சர் விடுதலைக் கடிதம் கொடுத்தார்?

அம்மா, அடுத்த முறை பேனாவை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நான் பிணையாளரா, கடனாளியா?" பதில் எழுத்தில் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். சும்மா ஒரு கையெழுத்துதானே என்று சிரித்தால், அது இல்லாமலே கடன் கொடுக்கச் சொல்லுங்கள்.