கோழிக்குஞ்சின் குலம் காணும் இயல்

பொரித்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "இது என்ன ஜாதி?" என்று வினவுதல், தமிழகத் தெருக்களில் நெடுங்காலமாக நடந்துவரும் ஆய்வு. ஆயினும் இதற்கென ஒரு நூல் எழவில்லை. தொல்காப்பியர் மரபியலில் பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர் விதித்தார். அந்தப் பார்ப்பு நாட்டுக்கோழியில் சிறுவிடையா, பெருவிடையா என்று அறியும் வழியைச் சொல்லாமல் விட்டார். அக்குறையை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது என்க.

இத்துறையில் மூன்று கொள்கையினர் உளர். முதலாமவர் வியாபாரி மரபினர். சைக்கிளுக்குப் பின்னால் கூடை கட்டி வரும் இவர்களது நெறிப்படி, வாங்குபவர் எந்த இனத்தைக் கேட்கிறாரோ அதுவே குஞ்சின் இனம். "கருங்கோழி இருக்காண்ணே?" என்றால், "கையில இருக்கறதே அதுதாங்க." ஐயத்துக்கு இடமில்லாத கொள்கை இது ஒன்றே. இரண்டாமவர் கைபேசி மரபினர். படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிப் பத்து விடைகள் பெறுவர். இவர்களைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது அப்பத்தா மரபு. மூன்றிலும் மதிக்கத்தக்கது. "நடையப் பாரு, அப்படியே அவ ஆத்தா" என்பது இதன் மூலச் சூத்திரம். தாயை வைத்துப் பிள்ளையை அறிதல். அற்றேல் தந்தை யாரெனின், அங்கேதான் சிக்கல். சேவலோடு ஒரு முறை கூடிய பெட்டை, விந்தை உடலுக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வாரம் கருக்கூடிய முட்டை இடும். ஆகவே ஓர் அடையில் பொரித்த குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று தகப்பன்மார் இருத்தல் கூடும். போதாக்குறைக்கு, அடைக்கு வைத்த முட்டைகளில் பாதி பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியவை. அப்பத்தா சுட்டிக் காட்டும் ஆத்தா, பல வேளைகளில் வெறும் வளர்ப்புத் தாய்.

இனி இலக்கணம். முதலில் நிறம், மாந்தர் அதிகம் ஏமாறுவது இதில்தான். மஞ்சள் குஞ்சு வளர்ந்து மஞ்சள் கோழி ஆகாது. வெள்ளை லெகார்ன் குஞ்சும் மஞ்சள், பிராய்லர் குஞ்சும் மஞ்சள். வளர்ந்தபின் இரண்டும் வெள்ளை. ஒன்று முட்டைக்கு, மற்றது குழம்புக்கு. வயிறும் இறகு நுனியும் வெளிறிய கருங்குஞ்சைக் கலப்படம் என்று ஒதுக்குவோர், அது உடலெல்லாம் கறுத்த ஆஸ்ட்ராலார்ப்பாக வளர்வதைக் கண்டு வாயடைப்பர். 2018இல் புவிசார் குறியீடு பெற்ற மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத், குஞ்சாக இருக்கையில் நீலங்கலந்த கருமையும் முதுகில் ஒழுங்கற்ற கருவரிகளும் உடையது. தோலும் காலும் கறுத்திருக்க வேண்டும். மேல்தூவி மட்டும் கறுத்து, ஊதி விலக்கினால் உள்ளே சிவந்த தோல் தெரியுமாயின், அது வியாபாரி மரபுக் கருங்கோழி.

முதுகில் அணிலைப் போலக் கோடு போட்ட குஞ்சுகள் தனி. கோழிகளுக்கெல்லாம் மூதாதையான காட்டுக்கோழியின் குஞ்சுக்கு உள்ள கோடு அது. நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பலவற்றில் இன்றும் தென்படும். கோட்டைக் காட்டி "ஒரிஜினல் நாட்டுக்கோழி" என்று விலை ஏற்றுவாருண்டு. பழுப்பு லெகார்ன் என்னும் சீமை இனத்துக்கும் அதே கோடு உண்டு என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா நிறக் குஞ்சுகளை எவ்வினத்தில் அடக்குவது? பழைய பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றாகத் தெருவில் கிடைக்கும் இவற்றைத் தனி இனம் என்பது சிறுவர் துணிபு. சாயத்தூவி உதிர்ந்து இறகு முளைத்ததும் அவ்வினம் அழிந்துபோகும். பெரும்பாலும் இவை முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகத்தில் கழித்த சேவற்குஞ்சுகள். முட்டையும் இடா, கறியும் சட்டென வையா. ஆதலால் குடத்து விலை.

நிறத்தைக் காட்டிலும் நம்பத்தக்கவை உறுப்புகள். காலைத் திருப்பி விரலை எண்ணுக: கோழிக்கு நான்கு, ஐந்து இருப்பின் சில்கி, டார்கிங் போன்ற சில இனங்களின் வாடை அடிக்கிறது. காலில் தூவி இருந்தால் பிரம்மா, கொச்சின் வகையறா. கழுத்து மொட்டையாக இருந்தால் நோய் அன்று; இறகில்லாக் கழுத்து இனம் பிறக்கும்போதே அப்படித்தான். அலகின் நுனியில் வெள்ளைப் பொட்டு ஒன்று உண்டு. அதை வைத்து இனம் சொன்னவரை நான் கண்டிருக்கிறேன். ஓட்டை உடைக்க வாய்த்த முட்டைப்பல் அது; சில நாளில் விழுந்துவிடும்.

கொண்டையும் பிறந்த அன்றே தெரியும். ஒற்றைக் கொண்டை ரம்பம்போல் ஒரு வரி. அசில் எனப்படும் சண்டைக்கோழிக்கு மூன்று வரியாகத் தணிந்த பட்டாணிக் கொண்டை. ஆனால் பட்டாணிக் கொண்டை ஓங்குபண்பு என்பதைப் பேட்சன், பன்னெட் என்னும் மரபணு ஆய்வாளர்கள் கேம்பிரிட்ஜில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். தகப்பன் மட்டும் அசிலாக இருந்தாலும் பிள்ளைக்குப் பட்டாணிக் கொண்டை வரும். ஆகவே அது இருப்பதால் தூய அசில் ஆகிவிடாது. இல்லாவிட்டால் தூய அசில் அன்று என்று மட்டும் துணியலாம்.

குஞ்சு சேவலா பெட்டையா என்று அறிவதற்கே ஜப்பானியர் மசூயியும் ஹஷிமோட்டோவும் 1933இல் ஒரு தனி நூல் எழுத வேண்டியிருந்தது. அவர்களும் முகத்தைப் பார்த்துச் சொன்னவர்கள் அல்லர். பின்பக்கத்தைப் பிதுக்கிப் பார்த்தவர்கள்.

ஆதலின் முடிபு: ஒரு நாள் குஞ்சைப் பார்த்து 'இது இன்ன இனம் அன்று' என்று சொல்லலாம்; 'இன்ன இனம்' என்று சத்தியம் செய்பவரிடம் பேரம் பேசவும். கூடுதல் விலைக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பல்பு வாங்கிக் கதகதப்புக்கு மாட்டுங்கள். தொப்புள் காய்ந்திருக்கிறதா, பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். முதல் வாரத்திலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டு, வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விட்டுவிடுங்கள்.