ஐந்து ஸ்பீக்கருக்கு எது போதும்?

கேள்வி: ஹோம் தியேட்டருக்குக் குறைந்த விலையில் ரிசீவர் வாங்க ஆசை. கடைக்காரர் அடுக்கும் வசதிகளைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எவை இருந்தால் போதும்?

பதில்: ஹாலில் எத்தனை ஸ்பீக்கருக்கு இடம் இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். ஐந்தும் ஒரு சப்வூஃபரும்தான் என்றால் 5.1 ரிசீவர் போதும். கூரையில் ஸ்பீக்கர் மாட்டாத வீட்டில் தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் அட்மாஸுக்குக் காசு கொடுப்பது, பெண்ணே பார்க்காமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டின கதை.

ஏஆர்சி உள்ள எச்டிஎம்ஐ கட்டாயம் வேண்டும். டிவியின் சத்தம் அந்த ஒரே கேபிளில் ரிசீவருக்கு வந்துவிடும். செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல் எல்லாம் செருக மூன்று நான்கு இன்புட் இருக்கட்டும். மைக் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சத்த அளவையும் தானே சரிசெய்யும் வசதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீடுகளில் ஸ்பீக்கர்கள் சோபாவும் அலமாரியும் விட்ட இடத்தில்தான் உட்கார்கின்றன. அந்தக் குறையைப் பெருமளவு தீர்ப்பது இதுதான். உங்களுடையது ஸ்மார்ட் டிவி என்றால் வைஃபை வேண்டாம், அது டிவியிலேயே இருக்கும்.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸ், பெரும்பாலும் ஒரே சேனலை மட்டும் ஓட்டிப் பார்த்த கணக்கு. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது எத்தனை என்று கேளுங்கள். சாதாரண ஹாலுக்கு அந்தக் கணக்கில் 70 வாட்ஸ் தாராளம்.

மிச்சமாகும் பணத்தை நடு ஸ்பீக்கரில் போடுங்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.