சாமானதிகாரம்

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். அவர் நூலைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் ஊரான யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி வழியே, பருத்தித்துறை வீதியில் ஒரு மொறிஸ் மைனர் போவதைக் கண்டவர்களுக்குக் கார்ச் சாமானுக்கும் அதே பகுப்புச் செல்லும் என்பது விளங்கும்.

இயற்சாமானாவது காரோடு கூடவே கப்பலில் வந்தது. மைனர் பிறந்தது 1948இல். 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றது. ஆகவே இவ்வகைக்கு இலக்கணம் உண்டு, எடுத்துக்காட்டு அரிது. கடைக்காரர் ‘ஒறிஜினல்’ என்று நீட்டுவதில் பெரும்பாலும் பெட்டிதான் ஒறிஜினல். பெட்டியின் பெயர் உள்ளிருப்பதற்கு ஆகி வந்தமையால் அது இடவாகுபெயர்.

திசைச்சாமான் இந்தியாவிலிருந்து வருவது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மூன்றாம் வரிசைதான் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசடராகி 2014 வரை பிழைத்தது. 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே கம்பனியானதால், பின்வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜுக்கும் அதே 1489 சிசி எஞ்சின் வாய்த்தது. ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிறிட்ஜும் ஹூக்ளிக் கரை ஊரொன்றை நம்பிக் காலம் தள்ளியதைக் கல்வி வரலாறு எழுதியோர் கவனிக்கவில்லை.

வடசொல்லின் இடத்தில் நமக்கு வாய்த்தது தென்சாமான்: கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஏ9 வீதியால் வருவது. 1990இல் போரால் பாதை மூடி, பற்றறியும் பெற்றோலும் உதிரிப்பாகமும் தடைப்பட்டியலில் ஏறியதும் இவ்வகை வழக்கொழிந்தது. 2002இல் மீண்டது, 2006இல் மறுபடி மறைந்தது, 2009இல் திரும்பி வந்தது.

அந்த இடைவெளிகளில் செழித்ததே திரிசாமான். பெற்றோலே மண்ணெண்ணெயாகத் திரிந்த காலம். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் அதைச் செரித்தது. புது ஜப்பான் எஞ்சின் இடித்து முனகியது. கிழட்டு ஒஸ்ரினுக்குச் சீதனச் சந்தையில் மரியாதை கூடியதா என்பது தனி ஆய்வுக்குரியது.

லேத்தில் கடைந்தது, உடைந்த லொறியில் கழட்டியது, வேறொரு காருக்கென்று பிறந்தது எல்லாம் திரிசாமானே. இது காரோடு புணரும் முறைக்கு நன்னூலைத்தான் பார்க்க வேண்டும். வாஷர் வைத்து இறுக்குவது தோன்றல். சூடாக்கி வளைப்பது திரிதல். “கொஞ்சம் அராவினால் சரி அண்ணை” என்று மெக்கானிக் அரத்தை எடுத்தால் அது கெடுதல். எது கெடும் என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இயல்பு புணர்ச்சியும் இல்லாமலில்லை. ஆனால் ஒரு சாமான் அப்படித் தானாகவே போய்ப் பொருந்திவிட்டால், மெக்கானிக் சந்தேகப்பட்டு அதைக் கழட்டி இன்னொரு தரம் பார்ப்பார்.