டீக்கடைக் காடு

மழை கொட்டியதும் காட்டோடை டீ நிறத்தில் வருகிறதே, மலைமேல் யாராவது கடை போட்டிருக்கிறார்களா?

போட்டிருப்பது காடுதான். டீத்தூள், மக்கிய சருகு. அதில் ஊறிய கரிமப் பொருள்கள்தான் சாயம். சர்க்கரை மட்டும் கிடையாது.

ஓடுவது இன்று பெய்த மழைதானே?

ஏமாந்தீர்கள்... பெரும்பாலும் 'பழையது'! ஆக்சிஜன் ஐசோடோப்பை அளந்து பார்த்ததில், ஈரமான காடுகள் பலவற்றில் வெள்ளத்தின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் முன்பே தங்கியிருந்த நீர். புது மழை உள்ளே நுழைந்து அதை வெளியே தள்ளுகிறது, டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர் இறங்குகிறவரைத் தள்ளுவதுபோல. ஆகவே அது நீராகாரம்!

புயல் ஓய்ந்தால் ஓடையும் சரியாகிவிடுமா?

புயலுக்கு ஞாபகமறதி உண்டு, ஓடைக்குக் கிடையாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் ஓடை நீரைச் சோதித்து வருகிறார்கள். 1998 ஜனவரியில் அங்கே உறைமழைப் புயல் வந்தது. கிளைகளில் பனிக்கட்டி கட்டிக்கொள்ள, அவை கனம் தாங்காமல் சடசடவென முறிந்தன. ஒடிந்த மரங்களால் மண்ணிலிருந்த நைட்ரேட்டை முன்போல் உறிஞ்ச முடியவில்லை. புயல் சில நாளில் போய்விட்டது. ஓடையில் நைட்ரேட் கூடியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்.