ராசியில்லாத கடை

கும்பகோணத்தில் ஒரு கடை பூட்டிக் கிடந்தால், வாடகை அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; ராசியில்லை என்பார்கள். பெரிய தெருவில் இருக்கும் என் சித்தப்பாவின் கடை அந்த ரகம். பாத்திரக்கடை, ஜெராக்ஸ் கடை, பேக்கரி என்று வரிசையாக வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். (சித்தப்பா கேட்கும் அட்வான்ஸைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.) 2016 மகாமகத்தின்போது அங்கே தண்ணீர் பாட்டில் விற்ற ஒருவர்தான் லாபம் பார்த்தவர். அதனால் அடுத்த மகாமகம் வரை, அதாவது 2028 வரை, ஷட்டரை இறக்கியே வைப்பது என்று சித்தப்பா தீர்மானித்திருந்தார்.

அப்போதுதான் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் வந்தார்கள். வாடகையில்லாமல் கொஞ்ச நாள் கொடுத்தால் சுத்தம் செய்து, ஊர் ஜனங்கள் பார்க்கப் படம் மாட்டுவார்களாம்.

"என்ன விப்பீங்க?"

"ஒண்ணும் விக்கமாட்டோம் ஐயா."

"அப்ப நஷ்டமும் வராது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

கொச்சியில் 2012 முதல் நடக்கும் பியெனாலே கலைவிழாவில் பழைய சரக்குக் கிடங்குகளில்கூடப் படங்கள் வைக்கிறார்கள் என்று ஒரு மாணவி அவருக்கு எடுத்துச் சொன்னாள். "அங்க மிளகு இருந்துச்சு பாப்பா. இங்க எலிதான் இருக்கு" என்றார்.

எலி மட்டுமா? சுவர் முழுக்கக் காலண்டர் ஆணி, உரிக்க உரிக்க வந்த லேமினேஷன் ஸ்டிக்கர், பேக்கரி விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்துக் கடைக்காரர் ஏணி கொடுத்தார். ஏணியோடு ரோஸ் கலர்தான் அடிக்க வேண்டும் என்ற யோசனையையும் கொடுத்தார். பிள்ளைகள் வெள்ளைதான் அடித்தார்கள். 1958இல் பாரிஸில் ஈவ் க்ளைன் என்ற ஓவியர் ஒரு காலி அறைக்கு வெள்ளையடித்து, அந்தக் காலியையே கண்காட்சி என்று திறந்தார், கூட்டம் அலைமோதியது. சித்தப்பாவும் வருஷக்கணக்காக அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளையடிக்காததால் ஆள் வரவில்லை போலும்.

திறந்த அன்று உள்ளே நுழைந்த முதல் ஆள் ரேஷன் கார்டை லேமினேட் செய்ய வந்தவர். வந்ததற்கு எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, யானைப் படத்துக்குக் கடைசி விலை கேட்டார். விற்பதற்கில்லை என்றதும் தானாகவே நூறு ரூபாய் ஏற்றினார். சிவப்பு முக்கோணம் மட்டும் இருந்த நவீன ஓவியத்தின் கீழே யாரோ ஒரு முழம் மல்லிகை வைத்தார்கள். மறுநாள் சில்லறையும் சேர்ந்தது. வரைந்த பையன் முதலில் தத்துவரீதியாக வருந்தினான். அப்புறம் டீ வாங்கினான்.

சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதி வந்தார். தென்னை ஓலையை மடித்து அளவு வைத்து விக்கிரகம் செய்கிற பரம்பரை. களிமண் சிலை ஒன்றின் முன் நெடுநேரம் நின்று, "முழங்கால் இறங்கியிருக்கு தம்பி" என்றார். அன்று ராத்திரியே முழங்கால் ஏறிவிட்டது. பட்டணத்து கேலரிகளில் மோவாயில் கைவைத்து "ம்ம்…" என்று நகர்கிறவர்களைவிட, "இந்தம்மா கை ஏன் பச்சையா இருக்கு?" என்று நேராகக் கேட்கும் கடைத்தெரு ரசிகர்கள் எவ்வளவோ தேவலை.

கூட்டத்தைப் பார்த்து ஒரு செல்போன் கடைக்காரரும் வந்தார். வெள்ளைச் சுவரையும் புது விளக்கையும் பார்த்து, சித்தப்பா கேட்ட அட்வான்ஸை மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்தார். நியூயார்க்கின் சோஹோவில் காலித் தொழிற்கூடங்களுக்குள் ஓவியர்கள் குடியேறி, அதனாலேயே இடத்துக்கு மவுசு கூடி, கடைசியில் வாடகை அவர்களையே விரட்டியதற்குப் பல வருஷம் பிடித்தது. கும்பகோணத்தில் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பசங்க கை ராசி" என்று சித்தப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது பூட்டிய கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள், நாலு படமாவது மாட்டிவிட்டுப் போகச் சொல்லி. பிள்ளைகளும் கறாராகிவிட்டார்கள்: கரண்ட் பாக்கியைக் கட்டி, எலியை ஓட்டின பிறகுதான் சாவி வாங்குவார்களாம். நேற்று அந்த மாணவி ஒரு பழைய பெயின்ட் கடையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கடை ராசியில்லைங்கறாங்க சார். ஆனா வடக்குப் பார்த்த வாசல், படம் வரைய அந்த மாதிரி வெளிச்சம் கெடைக்காது."