புதுசா வந்திருக்கு, சார்!

சம்பளக் கணக்குப் போடும் மென்பொருளிடம் நாம் கேட்பது என்ன? மாதக் கடைசியில் பிடித்தம் போக மிச்சத்தைத் தப்பில்லாமல் காட்ட வேண்டும். ஆனால் அதைச் செய்து தர வருகிற ஆசாமி பவர்பாயின்டோடு வருவார். "சார், இது போன மாசம்தான் வந்திருக்கு. உலகமே இதுக்குத்தான் மாறப்போகுது!" போன மாதம் பிறந்த பிள்ளைக்கு இந்த மாதம் கணக்குப்பிள்ளை உத்தியோகம். முதலாளியும் முகம் மலர்ந்து கையெழுத்துப் போடுவார்.

உலாவிக்குள் செருகி மென்பொருளை ஓட்டும் தளமான சில்வர்லைட்டின் ஜாதகத்தைப் பாருங்கள். 2007இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 2011க்குள் ஐந்தாம் பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆரவாரம். ஆரவாரம் அடங்குவதற்குள், 2010 அக்டோபரிலேயே, கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் எங்கள் வியூகம் மாறிவிட்டது என்று பேட்டியில் சொல்லிவிட்டார். அலுவலகத் திரை அத்தனையையும் அதில் கட்டி வைத்திருந்தவர்கள் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 2015இல் குரோம் உலாவி அதற்குக் கதவைச் சாத்தியது. போகட்டும், அது அடுத்த வீடு. அதே வருடம் மைக்ரோசாஃப்டே கொண்டுவந்த எட்ஜ் உலாவியிலும் சில்வர்லைட்டுக்கு இடமில்லை! அந்த ஒரு மென்பொருளுக்காகப் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கட்டிக்கொண்டு அழுத அலுவலகங்கள் உண்டு. 2021 அக்டோபர் 12இல் ஆதரவு முடிந்தது. அறிவிப்பில் மரியாதைக்குக் குறைவில்லை.

செல்பேசிச் செயலிகளுக்குப் பின்னணிச் சேவை தந்த பார்ஸ் தளத்தின் கதை இன்னும் சுருக்கம். 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது, 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது, ஒரு வருடம் அவகாசம் கொடுத்தது. போகிற போக்கில் மூல நிரலையாவது ஊருக்குத் திறந்துவிட்டுப் போனார்கள்; அந்த மட்டில் நாகரிகம்.

இதற்கெல்லாம் சிபாரிசு செய்தவர் இப்போது எங்கே? அவர் எப்போதோ வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். உங்கள் காசில் கற்றுக்கொண்ட புதுத் தொழில்நுட்பம் அவருடைய ரெஸ்யூமேயில் முதல் வரியாக மின்னுகிறது. செத்த தளத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதக் கொட்டேஷன் நீட்டுவது யார்? அவருடைய பழைய கம்பெனியேதான். வெட்கமா? அதற்குக் கொட்டேஷனில் தனிக் கட்டம் கிடையாது.

மைக்ரோசாஃப்டின் பழைய நிரல்மொழியான விஷுவல் பேசிக் 6ஐப் பார்த்து, புதுசு விற்கிற இவர்கள் சிரிப்பார்கள். 1998இன் சரக்கு. அதில் நிரல் எழுதும் கருவிக்கு ஆதரவு 2008இலேயே நின்றுபோனது. ஆனால் அதில் எழுதியவை ஓடத் தேவையான கோப்புகளை விண்டோஸ் 11 இன்றும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. சிரித்தவர்கள் எழுதியதில் எத்தனை இன்று ஓடுகிறது?

பழசு என்பதற்காகவே கும்பிடச் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலையிழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் (COBOL) என்ற கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூ ஜெர்சி ஆளுநர் பகிரங்கமாகக் கேட்க வேண்டிவந்தது. 1959இல் பிறந்த மொழியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேலை தெரிந்த ஆளை வளர்த்து வைத்துக்கொள்ளாத நிர்வாகத்தைச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை அந்த ஆசாமி வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தத் தளத்தில் ஐந்து வருடமாகச் சம்பளம் போடுகிற கம்பெனி ஒன்றைக் காட்டுங்கள், நேரில் போய்ப் பேசிப் பார்க்கிறேன். தளத்தை மூடிவிட்டால் மாற்றி எழுதும் செலவு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா? அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தால், காபி கொடுத்து அனுப்பிவையுங்கள்.